புகை போன பின்னும் நுளம்பு: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் குடம்பிக் கணக்கு

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. ஐந்து மாடி, இருபது வீடு. கீழே வாகனத் தரிப்பிடம், மேலே மொட்டை மாடி, உப்புக் காற்றில் கறல் பிடித்த கேற்று. வைகாசி மழை தொடங்கி மூன்றாம் கிழமை மூன்றாம் மாடியில் ஒரு பிள்ளைக்கு டெங்கு. பன்னிரண்டு நாள் கழித்து நாலாம் மாடியில் இன்னொருவருக்கு.

வெள்ளவத்தையில் இந்த அமைப்பில் கட்டிடங்கள் நிறைய உண்டு. இங்கே எடுத்துக்கொண்டது அவற்றுள் எந்த ஒன்றையும் அல்ல. பல கட்டிடங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் பிழைகளை ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்க்கும் மாதிரிக் கட்டிடம் இது. வீடுகளின் எண்ணிக்கை, குடம்பிகளின் (தண்ணீரில் வாழும் நுளம்புப் புழுக்களின்) எண்ணிக்கை எல்லாம் கணக்கு எப்படிப் போகும் என்று காட்டுவதற்காக வைத்தவை. மருந்தளவு, சரிவு, நாள் கணக்கு மூன்றையும் அப்படியே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் செய்த இரண்டு பிழை

காய்ச்சல் என்று தெரிந்ததும் எல்லாக் கட்டிடத்திலும் நடப்பதுதான் இங்கும் நடந்தது: புகை அடிக்கச் சொல்லிக் கேட்டார்கள். புகை வந்தது. ஒழுங்கை முழுக்க வெள்ளையானது. வீடுகளில் இருந்தவர்கள் மணம் தாங்காமல் யன்னலை அடித்துச் சாத்தினார்கள். டெங்கைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி நுளம்பு பகலில் தங்குவது கட்டிலுக்குக் கீழ், அலுமாரிக்குப் பின், தொங்கும் உடுப்புகளுக்கு நடுவில். சாத்திய யன்னலுக்கு வெளியே போன புகை அதை எப்படித் தொடும்? புகை அடிக்கும்போது சமைத்த சாப்பாட்டை மூடி, பிள்ளைகளையும் இழுப்பு உள்ளவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவு யன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. சொல்லிச் சரியாகச் செய்திருந்தாலும் அந்த நேரத்தில் பறந்துகொண்டிருந்த நுளம்புதான் செத்திருக்கும். குடம்பிக்கு அடுத்த பருவமாகத் தண்ணீருக்குள் கிடக்கும் கூட்டுப்புழுவுக்குப் புகையால் ஒன்றும் ஆகாது. அடுத்த நாள் காலையில் அது தோலை விட்டு வெளியே வரும். வெடிப்பு நேரத்தில் நோய் தொற்றிய நுளம்பைச் சட்டென்று குறைக்கப் புகைக்கு ஓர் இடம் உண்டு. அதை மட்டும் நம்பி இருந்தால் ஒவ்வொரு கிழமையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது பிழை கால்வாய். வெள்ளவத்தைக் கால்வாய் கறுத்துக் கிடக்கிறது, நாறுகிறது, அதனால் டெங்கு அங்கிருந்துதான் வருகிறது என்ற எண்ணம் இந்தப் பக்கத்தில் வேரூன்றியது. முறைப்பாடும் அதைப் பற்றியே போனது. ஊத்தைத் தண்ணீரில், மலக்குழியில், கானில் பெருகுவது கியூலெக்ஸ் என்ற வேறு நுளம்பு. இரவில் காதருகே பாடி நித்திரையைக் கெடுப்பது அதுதான். ஒரு காலத்தில் கொழும்பு தொடங்கித் தெற்குக் கரையோரம் வரை யானைக்கால் நோயைப் பரப்பியதும் அதுவே. அந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றியதாக 2016-இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், குறிப்பாக விடிந்த பின் சில மணி நேரமும் மாலை மங்கும் முன்பும். அது பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீற்றருக்குள் சுற்றி முடிந்துவிடும். ஒரே கட்டிடத்தில் பன்னிரண்டு நாள் இடைவெளியில் இருவருக்குக் காய்ச்சல் என்றால் தேட வேண்டியது அந்தக் கட்டிடத்தையும் ஒட்டியிருக்கும் இரண்டு வளவுகளையும்தான்.

தட்டில் ஊற்றிப் பார்த்தல்

தேடலுக்குப் பெரிய ஆயுதம் ஒன்றும் வேண்டாம். ஒரு டோர்ச், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு, தேத்தண்ணி வடி ஒன்று, பிளாஸ்டிக் சொட்டுக்குழாய், மூடியுள்ள சின்னப் போத்தல்கள் சில, உயரத்தில் உள்ளதைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி. கோல் கட்டிய கரண்டி இருந்தால் பீலிக்கும் குழிக்கும் உதவும்.

டோர்ச் அடித்த உடனே "ஒன்றுமில்லை" என்று நகர்ந்துவிடுவதுதான் பழகாதவர்கள் விடும் பிழை. வெளிச்சமும் நிழலும் அசைவும் பட்டால் ஏடிஸ் குடம்பி அடிக்குப் போய்விடும். ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுக்காக மேலே வந்தே தீர வேண்டும். தண்ணீரை வடியால் அள்ளி வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் கொஞ்சம் சுத்தத் தண்ணீர் விட்டால் எல்லாம் தெரியும். இப்போதுதான் பொரித்தது ஒரு மில்லிமீற்றர் நூல் துண்டு போலிருக்கும். முற்றியது ஏழெட்டு மில்லிமீற்றர். வாலடியில் கட்டையான சுவாசக்குழல், அதைத் தண்ணீர் மட்டத்தில் ஊன்றித் தலைகீழாக ஏறக்குறைய நேராகத் தொங்கும். கியூலெக்ஸின் குழல் ஒல்லியாக நீண்டது, தொங்குவதும் சாய்வாக. குழலே இல்லாமல் தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ். அப்படி ஒன்றைக் கொழும்பில் கண்டால் அந்தப் போத்தலைக் கட்டாயம் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றும் 2016-இல்தான் கிடைத்தது, அதைக் காப்பாற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

தட்டில் கமா வடிவில் சுருண்டு, விரல் பட்டால் குட்டிக்கரணம் அடித்து ஓடுவதுதான் கூட்டுப்புழு. அது சாப்பிடுவதில்லை. இரண்டு நாளில் நிறைவுடலியாகிப் பறந்துவிடும். இந்த வழக்கு முழுவதும் அந்தக் கமாவைச் சுற்றியே நடக்கிறது. பொரித்த குடம்பிகளில் பெரும்பகுதி இரையில்லாமலும் நெருக்கத்தாலும் தண்ணீர் வற்றியும் அழிந்துபோகும். கூட்டுப்புழு வரை வந்தது அநேகமாக நுளம்பாகியே தீரும். ஒரு பாத்திரத்தில் குடம்பி உண்டா இல்லையா என்பது ஒரு கேள்வி, அது நுளம்பை உற்பத்தி செய்கிறதா என்பது இன்னொரு கேள்வி.

சுட்டெண் சொன்னதும் சொல்லாததும்

முதல் நாள் இருபது வீட்டில் பதினாலு வீடு திறந்தது. நாலு வீட்டார் வேலைக்குப் போயிருந்தார்கள். இரண்டு வீடு நிரந்தரப் பூட்டு, சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். பொது இடங்களை ஒரு வளவாகக் கணக்கிட்டால் பார்த்தது 15 வளவு. குடம்பி கண்டது நாலு வீட்டிலும் பொது இடத்திலும், ஆக 5. தண்ணீர் நின்ற பாத்திரம் 55, அவற்றில் குடம்பி இருந்தது 11.

வளவுச் சுட்டெண் என்பது குடம்பி கண்ட வளவை, பார்த்த வளவால் வகுத்து நூறால் பெருக்குவது: 33.3. பாத்திரச் சுட்டெண் 11-ஐ 55-ஆல் வகுத்தால் 20. பிரெட்டோ சுட்டெண் நூறு வளவுக்கு எத்தனை குடம்பிப் பாத்திரம் என்பது: 73.3. மூன்றும் கலவரப்படுத்தும் எண்தான். ஆனால் எங்கே கை வைப்பது என்று மூன்றில் ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்றில் எட்டு, வீடுகளுக்குள் இருந்த மணி பிளாண்ட் போத்தல், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் நீர்த்தட்டு. இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தவர் எல்லாருக்கும் "போத்தல் தண்ணீரை மாற்றுங்கள்" என்று ஒரு துண்டுப் பிரசுரம் அடித்துவிட்டு வேலை முடிந்ததென்று போயிருப்பார்.

அதே தட்டில் கமாக்களை எண்ணியபோது படம் தலைகீழானது. அந்த எட்டுப் பாத்திரத்திலும் சேர்த்துக் கூட்டுப்புழு 5. மொட்டை மாடியில் கிடந்த பெயின்ற் பேணியில் 2. தரிப்பிடத்தில் வாகனம் கழுவ வைத்திருந்த நீலப் பரலில் 31. மொட்டை மாடியின் கொங்கிரீட் பீலியில் 84. மொத்தம் 122, அதில் பரலும் பீலியும் மட்டும் 115. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. கூட்டுப்புழுப் பருவம் இரண்டு நாள் என்பதால் 122 கூட்டுப்புழு என்றால் நாளுக்கு ஏறக்குறைய 61 நுளம்பு. பாதி பெண் என்று வைத்தால் நாளுக்கு முப்பது. பரலையும் பீலியையும் மூடினால் மிஞ்சும் பெண் நுளம்பு நாளுக்கு இரண்டுக்கும் குறைவு.

ஒரு திருத்தம் இங்கே வேண்டும். பீலியில் இருந்த 84 என்பது எண்ணி எடுத்தது, இருந்த முழுவதும் அல்ல. இலைச் சேற்றுக்கடியில் ஒளிந்ததை வடி அள்ளாது. பெரிய நீர்நிலையில் எண் எப்போதும் குறைவாகத்தான் வரும்.

இவற்றில் எது எந்த இனம் என்று பார்க்க, ஒவ்வோர் இடத்திலிருந்தும் பத்துக் கூட்டுப்புழுவைப் போத்தலில் விட்டு வலைத்துணி கட்டி இரண்டு நாள் வைத்தால் போதும். முதுகில் யாழ் வடிவில் வெள்ளிக் கோடு இருந்தால் எஜிப்டி, நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு என்றால் ஏடிஸின் இன்னோர் இனமான அல்போபிக்டஸ். வீட்டுக்குள் வாழும் எஜிப்டி எங்கே பிறக்கிறதோ அந்த இடத்துக்குத்தான் முதல் வேலை.

பீலி

மொட்டை மாடியின் ஓரத்தில் 12 மீற்றர் நீளக் கொங்கிரீட் பீலி, ஆழம் 20 சென்ரிமீற்றர், ஒரு முனையில் மட்டும் வடிகுழாய். நடுவில் ஓர் அரசங்கன்று முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பீலியில் அரசங்கன்று நிற்கிறதென்றால் அங்கே மாதக்கணக்கில் ஈரம் காயவில்லை என்று அர்த்தம். குடம்பியைத் தேடும் முன் அதைத் தேடலாம், கீழே ஒழுங்கையில் நின்றபடியே தெரியும்.

மேலே போகத் திறப்பு கேட்டபோது காவலாளி சொன்னது பல கட்டிடங்களில் கேட்கும் பதில்தான்: "ஐயா, மேல ஒருத்தரும் போறேல்லை. தண்ணித் தாங்கி கழுவேக்க மட்டும்தான் திறக்கிறது." ஒருவரும் போகாத இடம் என்பதால்தான் 84.

முதல் நாளே பீலியைத் துப்பரவாக்கி, சேற்றைச் சாக்கில் கட்டி இறக்கியாயிற்று. நாலாம் நாள் மழைக்குப் பின் பார்த்தால் மூன்று இடத்தில் தண்ணீர் அப்படியே நின்றது. சேறு போனது, பள்ளம் போகவில்லை. கொங்கிரீட் பீலியில் பிழை பெரும்பாலும் சரிவில் இருக்கிறது. மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவு வேண்டும். ஒரே வடிகுழாய்க்கு 12 மீற்றரும் சரித்தால் எதிர்முனையில் 12 சென்ரிமீற்றர் சீமெந்து ஏறும். 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் மிஞ்சுவது எட்டு, பெருமழையில் அது வழிந்து சுவரை நனைக்கும். அதனால் மறுமுனையிலும் 90 மில்லிமீற்றர் பீவீசி குழாய் ஒன்றை இறக்கி, நடுவை உயர்த்தி இரு பக்கமும் சரித்தால் நடுவில் 6 சென்ரிமீற்றர் போதும்.

வேலையில் பிசகும் இடங்கள் மூன்று. பழைய பாசி படிந்த கொங்கிரீட்டின் மேல் அப்படியே சாந்து பூசினால் ஒரு வருடத்தில் தட்டுத் தட்டாகக் கழன்று புதிய பள்ளம் உண்டாகும். கம்பித் தூரிகையால் உரசி, கொத்திச் சொரசொரப்பாக்கி, சீமெந்துக் கரைசல் பூசிய ஈரத்திலேயே ஒன்றுக்கு மூன்று சாந்து போட வேண்டும். அடுத்தது குழாய் வாய். மேசன் குழாயைச் சுற்றி ஒரு வளையம் போலச் சாந்து அணைத்து விட்டால் அந்த விளிம்பு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். ஐந்து மில்லிமீற்றர் தண்ணீர் வெயிலில் ஓரிரு நாளில் காய்ந்துவிடும், ஆனால் அன்றாடம் பெய்யும் வைகாசியில் எங்கே காய்வது? வாய் பீலி மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மூன்றாவது நல்ல எண்ணத்தில் செய்யும் பிழை: குழாய் வாயில் நுளம்பு வலை கட்டுவது. முதல் மழையிலேயே இலை அடைத்து வலையே அணையாகிவிடும். அங்கே வேண்டியது இலை தடுக்கும் கவிழ்ந்த கூடை மட்டும்.

பூசிய சாந்தைப் பதப்படுத்துவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏழு நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்று சொன்னால் மேசன்மார் வழக்கப்படி வரம்பு கட்டித் தண்ணீர் நிரப்பி விடுவார்கள். ஏழு நாள் நின்ற தண்ணீர் என்பது ஒரு முழு நுளம்புச் சந்ததிக்குப் போதிய அவகாசம். கொழும்பில் கட்டுமான இடங்கள் டெங்குப் பரிசோதனையில் அடிக்கடி சிக்குவதற்குப் புதிய பிளேற்றின் மேல் இப்படிக் கட்டி வைக்கும் தண்ணீரும் ஒரு காரணம். ஈரச்சாக்கு விரித்து நாளுக்கு இருமுறை நனைத்தால் சாந்துக்கும் நல்லது, நுளம்புக்கும் இடமில்லை.

சோதிக்கும் முறை எளிது. உச்சியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு கைக்குட்டையால் துடைத்து எடுக்க முடியாத அளவு தண்ணீர் எங்காவது நின்றால் மேசனுக்கு மிச்சக் காசு கொடுக்க வேண்டாம்.

பரலைக் கொட்டியவர்கள், கழுவியவர்கள்

இருநூறு லீற்றர் பரலை முதல் நாளே கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பி வைத்தார்கள். ஏழாம் நாள் பார்த்தபோது உள்ளே கூட்டுப்புழு. "நாங்க கொட்டினாங்கள்" என்று சத்தியம் செய்தார்கள், அது பொய்யுமல்ல.

ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீரில் அல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில், கறுப்புப் பொடி தூவியது போல. காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். தண்ணீர் மட்டம் ஏறி நனைந்ததும் பொரிக்கும். ஆக, கொட்டி நிரப்பிய அன்றே பழைய முட்டைகள் பொரித்தன. கொழும்பு வெப்பத்தில் குடம்பிக்கு ஐந்து முதல் ஏழு நாள், ஏழாம் நாள் கமா. கொட்டிய பிறகு புதிதாக இட்ட முட்டை என்றால் கரு முதிரவே இரண்டு மூன்று நாள் ஆகும், ஏழாம் நாளில் அது குடம்பியாகத்தான் இருக்க முடியும். பருவத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். விசாரிக்கப் போய்ச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

சரியான முறை: தண்ணீரை வெயில் படும் நிலத்தில் ஊற்றுவது. கானில் ஊற்றினால் முற்றிய குடம்பியும் கூட்டுப்புழுவும் அங்கே மிச்ச வளர்ச்சியை முடித்துக்கொள்ளலாம். பிறகு தும்பும் சவர்க்காரத் தூளும் கொண்டு உட்சுவரை, முக்கியமாக முந்தைய நீர்க்கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு சாண் அகலத்தை, தோல் உரியத் தேய்ப்பது. பரலின் வளையங்களுக்குள் விரல் விட்டுத் தேய்க்க வேண்டும். இரண்டு முறை அலசி அந்தத் தண்ணீரையும் நிலத்தில் ஊற்றி, கவிழ்த்து ஒரு பகல் வெயிலில் விடுவது.

மூடி இல்லாவிட்டால் வலை. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டினால் நல்ல இறுக்கமான வளையம் கிடைக்கும். வலை தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் ஈர வலையே முட்டையிடும் இடமாகிவிடும், ஆகவே தண்ணீர் மட்டத்தை விளிம்புக்கு ஒரு சாண் கீழே வைக்க வேண்டும். வாகனம் கழுவ உண்மையில் பரல் வேண்டுமா என்று கேட்பதும் நல்லது. இங்கே அதற்குப் பக்கத்திலேயே குழாய் இருந்தது. பரல் தண்ணீர் வெட்டுக் காலத்தில் வாங்கியது, பிறகு ஒருவரும் அகற்றவில்லை.

பூட்டிய வீடு

பீலியும் பரலும் சரியான பின்னும் நாலாம் மாடியில் பகல் கடி குறையவில்லை. அந்த மாடியில் ஒரு வீடு எட்டு மாதமாகப் பூட்டு. சொந்தக்காரர் கனடாவில், திறப்பு உறவுக்காரப் பெண் ஒருவரிடம் தெகிவளையில். அவர் திறந்துவிட்டுச் சொன்னது: "தம்பி, ஒருத்தரும் இல்லாத வீடு. இஞ்ச என்னண்டு நுளம்பு வரும்?"

ஒருவரும் இல்லாத வீட்டில்தான் கொமட்டைத் தண்ணீர் தள்ளாமல் விடுவார்கள். கொமட்டில் நின்ற தண்ணீரிலும், அதற்கு மேலே உள்ள பிளஷ் தாங்கியிலும், குளியலறை நில வடிகாலின் பொறியிலும் குடம்பி. யன்னலின் உடைந்த கண்ணாடிப் பட்டை ஒன்று போதும் நுளம்பு வந்துபோக.

பூட்டும் வீட்டுக்கு அரை மணி நேர வேலை இது. பிளஷ் தாங்கிக்குப் போகும் அடைப்பானைப் பூட்டி, ஒருமுறை தண்ணீர் தள்ளி, அடியில் நிற்பதைக் கடற்பஞ்சால் ஒற்றி எடுத்து, சுவரைத் தேய்த்துவிட வேண்டும். கொமட்டின் தண்ணீரை எடுத்தால் மலக்குழி வாயு வீட்டுக்குள் வரும், அதனால் தண்ணீரை விட்டுவிட்டு வாயை மொத்தப் பொலித்தீனால் மூடிச் சுற்றிவர ஒட்டுப்பட்டி ஒட்டுவது. நில வடிகாலின் மேல் பொலித்தீன் விரித்து மேலே மணல் பை. குளிர்சாதனப் பெட்டியின் நீர்த்தட்டைக் கழற்றிக் காயவைத்து உள்ளே வைக்கலாம். 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நுளம்பு பெருக்கத்தைத் தடுத்தல் சட்டத்தின் கீழ் வளவைப் பேணும் பொறுப்பு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் உண்டு, வெளிநாட்டில் இருப்பது அதைத் தள்ளிவிடாது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, கட்டிடக் குழு ஒவ்வொரு பூட்டிய வீட்டுக்கும் ஒரு திறப்பையும் சொந்தக்காரரின் எழுத்துச் சம்மதத்தையும் வட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்வது வேலைக்காகும்.

லிஃப்ட் குழியும் மருந்தும்

கடைசியாகக் கண்டது லிஃப்ட் குழி. நீளம் 1.6, அகலம் 1.5 மீற்றர், தண்ணீர் 10 சென்ரிமீற்றர்: 0.24 கனமீற்றர், அதாவது 240 லீற்றர். இதற்குள் காவலாளியையோ துப்பரவுத் தொழிலாளியையோ இறக்கக் கூடாது. லிஃப்ட் கம்பனித் தொழில்நுட்பவியலாளர் மின்சாரத்தைத் துண்டித்த பின்தான் யாரும் அதைத் தொடலாம். தண்ணீரைப் பம்பால் இறைத்து, கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைப்பதுதான் தீர்வு. அது நடக்கும் வரைக்கும் மருந்து.

மருந்து என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழியாக. குடம்பியைக் கொல்லும் ஒரு சதவீத டெமெபோஸ் மணலுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம். ஒரு கிராம் மணலில் இருப்பது 10 மில்லிகிராம் மருந்து, அது 10 லீற்றருக்குப் போதும். 240 லீற்றருக்கு 24 கிராம், 200 லீற்றர்ப் பரலுக்கு 20 கிராம், 1000 லீற்றர்த் தாங்கிக்கு 100 கிராம். கைப்பிடி கணக்கு வேண்டாம். சமையலறைத் தராசில் நிறுத்துச் சின்னத் துணிப் பையில் கட்டி இறக்கினால் எடுத்துக் கழுவவும் வசதி. எண்ணெய்ப் பிசுக்கும் சேறும் உள்ள குழியில் இதன் வீரியம் விரைவில் குன்றும்.

பைரிப்ரொக்சிபென் வேறு மாதிரி. 0.5 சதவீத மணல் 1000 லீற்றருக்கு 2 கிராம்தான். அது குடம்பியைக் கொல்லாது, கூட்டுப்புழு நுளம்பாவதைத் தடுக்கும். போட்ட மறுநாள் குடம்பி துள்ளுவதைப் பார்த்துவிட்டு "மருந்து பழுது" என்று இன்னொன்றை அதன் மேல் கொட்டுவது இதில் நடக்கும் வழக்கமான கோளாறு. இதைச் சோதிக்கக் கூட்டுப்புழுவைப் போத்தலில் பிடித்து எத்தனை பறக்கிறது என்று எண்ண வேண்டும். பீ.ரி.ஐ. ஒரு பக்ரீரியம், குடம்பி அதைத் தின்றால்தான் சாகும். தின்பதை நிறுத்திய முற்றிய குடம்பிக்கும் கூட்டுப்புழுவுக்கும் பலனில்லை, ஆகவே கமாக்கள் நிறைந்த தொட்டியில் அதை மட்டும் போட்டுவிட்டுப் போனால் இரண்டு நாள் நுளம்பு பறந்துகொண்டே இருக்கும். அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், லேபலில் உள்ளதுதான் கணக்கு.

டெமெபோஸ் வேலை செய்கிறதா என்ற சந்தேகம் வந்தால்: மருந்திட்ட தண்ணீர் ஒரு கோப்பையிலும் சுத்தத் தண்ணீர் இன்னொன்றிலும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து நடுத்தரக் குடம்பியை விட்டு, 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். சுத்தத் தண்ணீரில் உள்ளவை உயிரோடும் மருந்துத் தண்ணீரில் உள்ளவை செத்தும் இருக்க வேண்டும். மருந்துத் தண்ணீரிலும் கணிசமானவை நெளிந்தால் அளவு பிழை, அல்லது எதிர்ப்பு வந்திருக்கிறது. இரண்டில் எது என்று பார்ப்பது பூச்சியியல் பிரிவின் வேலை.

மொட்டை மாடித் தாங்கிகளுக்கு மருந்து போடும் யோசனையும் வந்தது. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. குடிதண்ணீரில் போடத்தக்கது என்று அங்கீகரித்த மருந்துதான், ஆனால் மணம் என்று ஒருவர் சொன்னால் அன்றே தாங்கியைக் கழுவி ஊற்றுவார்கள், நூறு கிராமும் கானில். மூடியின் உடைந்த மூலையை மாற்றி, வழிகுழாய் வாயிலும் காற்றுக் குழாயிலும் 1.2 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள வலை கட்டினால் அதைப் பற்றி வருடக் கணக்கில் யோசிக்க வேண்டியதில்லை. இங்கே வலை சரி, ஏனெனில் தாங்கிக்குள் இலை இல்லை.

உப்புப் போடலாமா என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். யாழ்ப்பாணக் கரையோரத்தில் உவர்நீரிலும் ஏடிஸ் குடம்பி கண்டிருக்கிறார்கள். கைப்பிடி உப்பை நம்பாதீர்கள்.

இருபத்தைந்தாம் நாள் வந்த காய்ச்சல்

பீலி முடிந்து, பரல் போய், பூட்டிய வீடும் அடைத்த பிறகு இருபத்தைந்தாம் நாள் இரண்டாம் மாடியில் மூன்றாவது காய்ச்சல். குழுக் கூட்டத்தில் "இவ்வளவு செலவழித்தும்" என்ற பேச்சு. பல கட்டிடங்கள் இந்த இடத்தில்தான் கையை விடுகின்றன.

நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடைசி வேலைக்கு முதல் நாள் பறந்த பெண் நுளம்பு மூன்றாம் நாள் ஒரு நோயாளியைக் கடிக்கிறது. வைரஸ் அதன் உமிழ்நீருக்கு வர எட்டு முதல் பன்னிரண்டு நாள். பதினைந்தாம் நாள் வரை போகலாம். அது இன்னொருவரைக் கடித்தால் அவருக்குக் காய்ச்சல் காண நாலு முதல் பத்து நாள். இருபத்தைந்தாம் நாள் இந்தக் கணக்குக்குள் அடங்குகிறது. நுளம்பு மூன்று நாலு கிழமை உயிரோடிருக்கலாம் என்பதால் ஒரு மாதம் வரை வரும் காய்ச்சலை வைத்து வேலை தோற்றது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தீர்ப்பு தட்டில் இருக்கிறது: ஏழாம், பதினாலாம், இருபத்தோராம் நாட்களில் கூட்டுப்புழு எத்தனை? அது பூச்சியத்துக்குக் கிட்ட நின்றால் பொறுமை வேண்டும். இதற்கிடையில் காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுப்பது சங்கிலியை அறுக்க உதவும்.

2017-இல் நாடு முழுவதும் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது, 440 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு நுளம்புச் சோதனை என்றால் வெள்ளவத்தையில் கதவு திறக்காதவர்கள் குறைவு. திறக்காமல் கிடப்பது மொட்டை மாடிக் கதவுதான்.

இந்தக் கட்டிடத்தில் இப்போது லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு மட்டை தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து இடம்: பீலி, தாங்கி மூடி, தரிப்பிடம், லிஃப்ட் குழி, பூட்டிய வீடு. "பார்த்தேன்" என்று கையெழுத்து வைப்பதற்குப் பதிலாகக் கமா எண்ணிக்கையை எழுத வேண்டும், இல்லையென்றால் 0. கொழும்பில் டெங்கு இரண்டு முறை ஏறும், தென்மேல் பருவத்தோடு ஆனி ஆடியிலும், ஐப்பசி கார்த்திகை மழையைத் தொடர்ந்து மார்கழி தையிலும். ஆகவே புரட்டாதி முடிவதற்குள் பீலி உச்சியில் மறுபடியும் இரண்டு வாளி ஊற்றிப் பார்க்க நாள் குறித்திருக்கிறார்கள், மேசனையும் வரச் சொல்லி.